நுரையீரல் ஆபரேஷனுக்கு முன் ‘மூச்சு தாங்குமா’ பரிசோதனைகள்: நோயாளி வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

நுரையீரலில் கட்டி. அல்லது எப்போதோ காசநோய் வந்து ஆறிய இடத்தில் அடிக்கடி ரத்தம் வருகிறது. ஒரு பகுதியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அடுத்தபடி பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்: “பிஎஃப்டி எடுத்துட்டு வாங்க, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

என் சித்தப்பாவுக்கு வலது நுரையீரலின் மேல் மடலை (நுரையீரலின் பெரும் பிரிவுகளில் ஒன்று) எடுக்க வேண்டியிருந்தது. பிஎஃப்டி (நுரையீரல் செயல்திறன் பரிசோதனை) என்பது ஒரே பரிசோதனை, ஒரு நாள் வேலை என்று நினைத்துத்தான் கிளம்பினோம். அது நான்கைந்து பரிசோதனைகளின் வரிசை, ஒன்றின் விடையைப் பொறுத்துத்தான் அடுத்தது தேவையா என்பதே தெரியும், எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்காது என்பதெல்லாம் அலைந்த பிறகு விளங்கியது. நான் மருத்துவத் துறையில் இல்லை. டாக்டர்களிடமும் லேப் ஆட்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முடிவெடுப்பது உங்கள் சர்ஜனின் வேலை. அவர் முன்னால் சரியான காகிதங்களோடு போய் உட்காருவது நம் வேலை.

1. அவர்கள் தேடுவது இரண்டு எண்களை

ஒன்று எஃப்இவி1. நெஞ்சு நிறைய இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்ற அளவு. இரண்டாவது டிஎல்சிஓ. உள்ளே போன காற்றிலிருந்து ரத்தத்துக்கு எவ்வளவு கடக்கிறது என்று காட்டுவது. முதலாவது காற்று போய்வரும் மூச்சுக்குழாயைச் சோதிக்கிறது, இரண்டாவது காற்று ரத்தத்தில் கலக்கும் நுண்ணிய வலையைச் சோதிக்கிறது. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று மோசமாக இருப்பது சகஜம். பீடி, சிகரெட் பழக்கம் நீண்ட நாள் இருந்தவர்களுக்குக் குறிப்பாக இரண்டாவது எண் கைவிடும்.

இந்த இரண்டையும் வைத்து, இன்ன பகுதியை வெட்டி எடுத்தால் மீதி எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். ரிப்போர்ட்டில் அல்லது கேஸ் ஷீட்டில் ‘பிபிஓ’ என்று எழுதியிருந்தால் அந்தக் கணக்குதான்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் நேர்கிறது. “ஆபரேஷனுக்கு அப்புறம் ஐம்பத்தஞ்சு பர்சென்ட் இருக்கும்” என்று டாக்டர் சொன்னதும், பிழைக்கும் வாய்ப்பு ஐம்பத்தைந்து சதவீதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. அது அப்படி இல்லை. அதே வயது, அதே உயரம் உள்ள ஆரோக்கியமான ஒருவரின் மூச்சுத் திறனில் ஐம்பத்தைந்து சதவீதம் என்று அர்த்தம். பிழைப்பதைப் பற்றி இந்த எண் நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

2. லேபுக்குப் போன் போடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

- சர்ஜன் எழுதிய சீட்டு. அதில் வெறும் ‘பிஎஃப்டி’ என்று இருந்தால், “டிஎல்சிஓவும் சேர்த்துத்தானே டாக்டர்?” என்று அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். நாங்கள் விசாரித்த லேப்களில் பெரும்பாலானவை பிஎஃப்டி என்றால் சாதாரண ஸ்பைரோமெட்ரியை (எஃப்இவி1 காட்டும் ஊதல் பரிசோதனையை) மட்டும் எடுத்துக் கொடுத்துவிடும். பிறகு இன்னொரு பயணம்.
- சிடி ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் தட்டு. ஃபிலிம் மட்டும் போதாது, சர்ஜன் கம்ப்யூட்டரில் புரட்டிப் பார்க்க வேண்டும்.
- பயாப்ஸி, பெட் ஸ்கேன், பிராங்காஸ்கோபி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டுகள்.
- சமீபத்திய ஹீமோகுளோபின் ரிப்போர்ட். ரத்தசோகை இருந்தால் டிஎல்சிஓ உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஹீமோகுளோபின் அளவைக் கொடுத்தால் திருத்தம் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் நீங்களே நீட்டுங்கள்.
- சளிப் பரிசோதனை முடிவு. காசநோய்ச் சந்தேகம் இருந்தால், சளியில் கிருமி இல்லை என்று தெரியும்வரை ஊத விட மாட்டார்கள். அது நியாயம்தான், அதே மெஷினில் அடுத்தவரும் ஊத வேண்டும்.
- முன்பு காசநோய் மருந்து சாப்பிட்ட அட்டை, ஈசிஜி, எக்கோ.

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு செட் வையுங்கள். சில லேப்களில் ஊதிய ரிப்போர்ட்டை ரசீது போன்ற வழவழப்புத் தாளில் அடித்துத் தருகிறார்கள். வெயில் பட்டால் சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள்.

3. லேபைத் தேர்ந்தெடுப்பது

ஸ்பைரோமெட்ரி மாவட்டத் தலைநகர் எதிலும் கிடைக்கும். டிஎல்சிஓ அப்படியில்லை. அதற்குத் தனி மெஷின், தனி வாயு சிலிண்டர். மெஷின் இருந்தும் சிலிண்டர் தீர்ந்துபோய் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் இடங்களும் உண்டு. எனவே கிளம்புவதற்கு முன் போனில் இரண்டே கேள்வி: “டிஎல்சிஓ இன்னைக்குப் பண்றீங்களா? கேஸ் இருக்கா?” ‘வாங்க பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் போகாதீர்கள்.

முடிந்தவரை ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே எடுப்பது நல்லது. வெளி ரிப்போர்ட்டை ஏற்காமல் திரும்ப எடுக்கச் சொல்லும் சர்ஜன்கள் நிறைய. அது காசு பிடுங்கும் வேலை என்று சட்டென்று முடிவுகட்ட வேண்டாம். சதவீதம் என்பது மெஷினுக்குள் இருக்கும் ஒப்பீட்டுச் சூத்திரத்தைப் பொறுத்தது. வெள்ளைக்காரர்களின் அளவை வைத்து ஒப்பிடும் மெஷினும் இந்தியர்களின் அளவை வைத்து ஒப்பிடும் மெஷினும் ஒரே ஊதலுக்கு வெவ்வேறு சதவீதம் காட்டும். லிட்டர் கணக்கு மாறாது, சதவீதம் மாறும். அதனால் எந்த ரிப்போர்ட்டிலும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் வயது. சித்தப்பாவின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. உண்மையான வயதுக்கும் அதற்கும் ஐந்தாறு வருட வித்தியாசம். அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. மெஷின் வயதை வைத்துத்தான் ‘இவ்வளவு ஊத வேண்டும்’ என்று முடிவு செய்கிறது. வயது குறைத்துப் போட்டால் எதிர்பார்ப்பு ஏறும், உங்கள் சதவீதம் இறங்கும். காப்பீட்டுக் காகிதங்களில் ஆதாரில் உள்ளதுதான் இருக்க வேண்டும், அதை மாற்றப் போகாதீர்கள். ஆனால் உண்மையான வயதை டெக்னீஷியனிடமும் டாக்டரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள். உயரத்தையும் கேட்டு எழுதாமல் செருப்பைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள்.

4. ஊதும் நாள்

மொத்தக் கணக்கும் இந்த அரை மணி நேரத்தில்தான் நிற்கிறது. சரியாக ஊதாத ரிப்போர்ட்டை வைத்து எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும் விடை தப்புதான்.

அன்று காலையிலிருந்து பீடி, சிகரெட் தொடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு டிஎல்சிஓவைக் கெடுக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஊதக் கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். வேட்டியையோ பேண்ட்டையோ இறுக்கிக் கட்ட வேண்டாம். பல் செட் ஆடாமல் பொருந்தியிருந்தால் கழற்றத் தேவையில்லை. அது இருந்தால்தான் உதடு குழாயைக் கவ்விப் பிடிக்கும்.

இன்ஹேலர் போடுபவர்கள் அன்றைக்குப் போடலாமா வேண்டாமா என்று முந்தின நாளே கேளுங்கள். நோய் என்ன என்று கண்டுபிடிக்க எடுக்கும்போது நிறுத்தச் சொல்வார்கள். ஆபரேஷனுக்காக எடுக்கும்போது மருந்து போட்ட பிறகு வரும் சிறந்த அளவுதான் அவர்களுக்கு வேண்டும். ஆகவே ‘மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்’ இரண்டும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அண்மையில் மாரடைப்பு, கண்புரை ஆபரேஷன், நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்தது, இருமலில் ரத்தம் — இதில் எது இருந்தாலும் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முக்கி ஊதும்போது அழுத்தம் கூடும். கண்புரை ஆபரேஷனை யாரும் சொல்வதில்லை. “கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்” என்று விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்? மூக்கில் ஒரு கிளிப். வாயில் குழாய். டெக்னீஷியன் தலைக்கு மேல் நின்று கத்துவார்: “இழுங்கய்யா... இழுங்க, இழுங்க... ஊதுங்க! ஊது ஊது ஊது... விடாதீங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்...” காற்று தீரும்வரை, பொதுவாக ஆறு நொடியாவது ஊத வேண்டும். பலர் இரண்டாவது நொடியிலேயே ‘வந்துருச்சு’ என்று நிறுத்திவிடுவார்கள். சித்தப்பா முதல் தடவை கன்னத்தை உப்பி, சங்கு ஊதுவதுபோல் மெதுவாக ஊதினார். அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல், “ஐயா, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி இல்ல, கதவ எட்டி உதைக்கிற மாதிரி” என்றார். அடுத்த ஊதலில் எஃப்இவி1 கால் லிட்டர் ஏறிவிட்டது. அதே நுரையீரல்தான்.

நல்லதாக மூன்று ஊதல் வேண்டும், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எட்டு முறை வரை விடுவார்கள். நடுவில் தலை சுற்றினால் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டு ஊதலாம், கூச்சப்பட வேண்டாம். டிஎல்சிஓவுக்கு முழுதாக வெளியே விட்டு, வாயுவை இழுத்து, பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். இதை மட்டும் முந்தின வாரமே வீட்டில் கடிகாரம் பார்த்துப் பழக்கலாம்.

ரிப்போர்ட் வாங்கும்போது வளைகோட்டுப் படங்கள் இருக்கிறதா, ‘ஒத்துழைப்பு சரியில்லை’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் வேறொரு நாள் மறுபடி ஊத முடியுமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சர்ஜனிடம் போன பிறகு கேட்பதில் அர்த்தமில்லை.

5. கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்

டாக்டர் சொல்வது புரிவதற்காக மட்டும். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 செக்மென்ட் (மடலுக்குள் உள்ள சிறு கூறு) என்று இந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வலது மேல் மடலில் 3, நடு மடலில் 2, கீழ் மடலில் 5. இடது மேல் மடலில் 5, கீழ் மடலில் 4.

ஒருவரின் எஃப்இவி1 1.80 லிட்டர், அதாவது 72% என்று வைப்போம். வலது மேல் மடல் போனால் 19இல் 16 மிச்சம். 72ஐ 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 61%. லிட்டரில் 1.52. வலது கீழ் மடல் என்றால் 14 மிச்சம், 53%. டிஎல்சிஓ சதவீதத்துக்கும் இதே கணக்குதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எடுக்கப்போகும் பகுதி ஏற்கெனவே அடைபட்டோ சுருங்கியோ வேலை செய்யாமல் கிடந்தால், அதை எடுப்பதால் மூச்சில் பெரிதாக எதுவும் குறையப் போவதில்லை. அப்போது செத்த செக்மென்ட்டுகளை எடுக்கப்போகும் எண்ணிக்கையிலிருந்தும் மொத்தம் 19இலிருந்தும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்கள். மேலே சொன்னவருக்கே கட்டி மூச்சுக்குழாயை அடைத்து வலது மேல் மடல் முழுக்கச் சுருங்கியிருந்தால், கணக்குப்படி 72% அப்படியே நிற்கும். எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதைச் சிடி ஸ்கேன், பிராங்காஸ்கோபி பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். அதனால்தான் அந்தத் தட்டை மறக்காதீர்கள் என்றேன்.

6. 60, 30: இந்த இரண்டு கோடுகள்

பல மருத்துவமனைகள் பின்பற்றும் 2013ஆம் ஆண்டு அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கல்லூரி வழிகாட்டுதல் ஏறக்குறைய இப்படிப் போகிறது. மீதியிருக்கும் என்று கணித்த எஃப்இவி1, டிஎல்சிஓ இரண்டுமே 60%க்கு மேல் என்றால் மேற்கொண்டு பரிசோதனை வேண்டாம். ஏதாவது ஒன்று 30க்கும் 60க்கும் நடுவில் என்றால் நடக்கவோ படி ஏறவோ விட்டுப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்று 30க்குக் கீழே போனால் சிபெட் என்ற சைக்கிள் பரிசோதனை.

படி ஏறுவதில் 22 மீட்டர் உயரம் தாண்டினால் தேறிவிட்டார் என்று கொள்வார்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 147 படிகள், சாதாரணக் கட்டடத்தில் ஏழு மாடிக்குப் பக்கம். கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறக் கூடாது. கால்வலி உள்ளவர்கள் மூச்சுக்காக அல்ல, முட்டிக்காகத் தோற்றுவிடுவார்கள். அப்படி இருந்தால் முன்பே சொல்லுங்கள். இதை வீட்டு மொட்டைமாடிப் படியில் நீங்களாக ஒத்திகை பார்க்க வேண்டாம். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்போடு ஆள் கூடவே ஏறுவது சும்மா இல்லை. நடைப் பரிசோதனையில் 10 மீட்டர் தடத்தில் வைத்த கூம்புகளுக்கு நடுவே, பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகம் கூட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அதில் 400 மீட்டர் கோடு.

சைக்கிள் பரிசோதனையில் உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ஆக்சிஜன் என்று வரும். 20க்கு மேல் நிம்மதி. 10க்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம், வேறு சிகிச்சை பேசுவார்கள். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு.

வெறும் ஸ்பைரோமெட்ரி ஒன்றைப் பார்த்து “இவருக்கு ஆபரேஷன் முடியாது” என்று யாராவது சொல்லிவிட்டால், “டிஎல்சிஓ, படி ஏறுகிற டெஸ்ட் பார்த்துட்டு முடிவு பண்ணலாமா டாக்டர்?” என்று பணிவாகவே கேளுங்கள். அதில் தவறில்லை. எங்களுக்கு முதலில் பார்த்த இடத்தில் அந்த ஒரே எண்ணைக் காட்டித்தான் கைவிரித்தார்கள்.

7. பெர்ஃபியூஷன் ஸ்கேன் கேட்டால்

ஒரு பக்க நுரையீரலையே எடுக்க வேண்டும் என்றாலோ, மற்ற பகுதிகளும் சீராக இல்லை என்றாலோ செக்மென்ட் கணக்கு போதாது. கையில் ஊசி போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். மேலே சொன்ன 72% ஆளுக்கே வலது முழுதும் போக வேண்டும் என்றால் செக்மென்ட் கணக்கில் 34%தான் மிஞ்சும். ஆனால் ஸ்கேனில் வலது பக்கம் 35% வேலைதான் செய்கிறது என்று வந்தால், மீதி 65%, விடை 47%. ஆபரேஷன் உண்டா இல்லையா என்பதே இதில் திரும்பிவிடலாம். காசநோயால் ஒரு பக்கம் நைந்துபோனவர்களுக்கு இந்த ஸ்கேன் அப்படி உதவும்.

இதற்கு வேண்டிய டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும், வாங்கி அடுக்கி வைக்க முடியாது. ஆகவே பல இடங்களில் குறிப்பிட்ட கிழமைகளில்தான் எடுப்பார்கள், முன்பதிவு கட்டாயம். வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய இடங்களில் நியூக்ளியர் மெடிசின் துறை சொந்தமாக உண்டு. பொதுவாகப் பட்டினி தேவையில்லை. கர்ப்பிணிப் பெண்ணையும் கைக்குழந்தையையும் துணைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

8. பணம்

அரசு மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரிக்குச் செலவில்லை. வெளியே சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை கேட்கிறார்கள். டிஎல்சிஓ சேர்ந்தால் அதுபோல் இரண்டு மூன்று மடங்கு. சைக்கிள் பரிசோதனையும் பெர்ஃபியூஷன் ஸ்கேனும் ஆயிரங்களில். ஊருக்கு ஊர் மாறும், போனிலேயே கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை வரம்பு. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்கு உடனே போங்கள். பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் அனுமதி கேட்டு ரிப்போர்ட்டுகளை அனுப்புவார்கள். அதில் பெயர் எழுத்து, வயது ஒவ்வொன்றும் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். லேபில் ‘முருகேசன்’, அட்டையில் ‘முருகேஷ்’ என்றால் ஒரு வாரம் போய்விடும். வெளி லேபில் கட்டிய காசு திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள், அட்மிட் ஆவதற்கு முந்தின 30 அல்லது 60 நாள் செலவை அது ஏற்கிறதா என்று பார்த்து, டாக்டர் சீட்டோடு அசல் பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

9. தேதி கிடைக்கும்வரை

பழைய பிஎஃப்டியை ஏற்க மாட்டார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும் என்பதால், ஆபரேஷன் தேதிக்கு வெகு முன்னால் அவசரப்பட்டு எடுத்து வைக்காதீர்கள்.

இந்த இடைவெளியில் எண்களை ஓரளவு ஏற்றவும் முடியும். பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்த வேண்டும். இன்ஹேலரை ஒழுங்காகப் போட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நடை. மூன்று பந்து மெஷின் ஒன்று வாங்கச் சொல்வார்கள், மருந்துக் கடையில் சில நூறு ரூபாய். அது ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு. வார்டில் பாதிப் பேர் பந்து ஏறவில்லையே என்று ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக உறிஞ்சி, பந்தை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பழகினால்தான் வலியோடு கிடக்கும்போது வரும்.

10. கணித்ததும் நடந்ததும்

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் மூச்சு, கணித்த அளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நெஞ்சில் டியூப், வலி, இருமப் பயம். கணக்குத் தப்பிவிட்டதென்று பதற வேண்டாம். அந்தக் கணக்கு ஆறின பிறகு உள்ள நிலைக்கானது. ஒரு மடல் மட்டும் எடுத்தவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் மூச்சு ஏறி, பல சமயம் கணித்ததைவிட நன்றாகவே வந்து நிற்கும். புகையால் மேல் மடல் ஊதிப்போய்க் கெட்டிருந்து, அதே மடலை எடுத்தவர்களுக்கு இழப்பு இன்னும் குறைவு. ஒரு பக்கம் முழுதும் எடுத்தவர்களுக்கு மட்டும் இந்த மீட்சி அதிகம் இருக்காது. வீட்டையும் வேலையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்: மாடியிலிருந்து கீழ் அறைக்கு வருவது, குளியலறையில் ஸ்டூல் போடுவது.

படுத்தால் மூச்சு முட்டுவது, திடீரென்று திணறல், காய்ச்சலோடு சளி நிறம் மாறுவது என்றால் மறு பரிசோதனை தேதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மறு பிஎஃப்டியை எப்போது எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். பொதுவாக மூன்று மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று கேட்பார்கள். முன்பு ஊதிய அதே லேபுக்கே போங்கள், பழைய தாளையும் எடுத்துக்கொண்டு. அதிலுள்ள அதே வயது, அதே உயரத்தைப் போட்டு எடுக்கச் சொன்னால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.